எதிர் வட்டத்து மூச்சு

எட்டுப் பாதையின் நடுவில், மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்ததும் சவுரிமுத்து நின்றான். நின்று, உடம்பை ஒருபக்கமாக ஒதுக்கி, யாரோ கடந்து போவதற்கு வழி விட்டான். அதற்குப் பிறகுதான், பூங்காவில் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

சிரிப்புதான் வந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்கு வழி விடுவது உடம்போடு ஊறிப்போன பழக்கம். அதிலும் எட்டு நடைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. சேலையூர் பக்கத்துக் காலனிப் பூங்காக்களில் தரையில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவத்தில் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். சுகருக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்று சாயங்காலமானால் ரிட்டயர்டு ஆட்களும் வீட்டுப் பெண்களும் வெறுங்காலோடு வரிசையாகச் சுற்றுவார்கள். நடு இடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒருவர் நின்று, நீங்க போங்க என்று தலையசைப்பார். அந்த மரியாதையை இன்றைக்குக் காற்றுக்குச் செய்துவிட்டோம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு அவன் மறுபடி நடந்தான்.

அவன் நடந்தது நடக்கக் கூடாத நேரத்தில். எட்டு மணிக்கே பூட்ட வேண்டிய பூங்கா அது. வாட்ச்மேன் சம்பந்தம் பழகிய மனுஷர் என்பதால் கேட்டை ஒருக்களித்து அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். சவுரிமுத்துவுக்கு சுகர் ஏறியிருந்தது. சேதி பள்ளிக்கூடத்துக்கு இன்னும் தெரியாது. அடுத்த மாதம் டிரைவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அதற்குள் இறக்கிவிட வேண்டும். சாயங்காலமே வந்து நடக்கலாம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அவன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மா. டிரைவர் எட்டு போடுகிறார், சுகராம் என்று ஒருத்தர் வாயில் விழுந்தால் போதும், விடிவதற்குள் வாட்ஸப் குரூப்பில் ஊர்வலமே நடந்துவிடும். காலையில் நடக்கலாம் என்றால் விடியுமுன்பே வண்டியைத் துடைக்க வேண்டும். ஆகவே ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவியபின்.

கிளினிக்கில் நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். படுக்கப் போகும் நேரத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி வேகமாக நடக்காதீர்கள், உடம்புச் சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும், சூட்டை ஏற்றிக்கொண்டு போய்ப் படுத்தால் நெஞ்சு அடங்காது என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். அவள் சொன்னபடி மெதுவாகவாவது நடந்தானா என்றால் அதுவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி விறுவிறுவென்று நடந்தான். வியர்வை சொட்டினால் சுகரும் சொட்டிவிடும் என்பது அவன் கணக்கு.

தூக்கம் அன்றைக்கும் வரவில்லை. மாடம்பாக்கம் போகிற வழியில், ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள அந்த வாடகை வீட்டில், மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகலைப் போட்டுக்கொண்டிருக்க, கொசுவர்த்தி வாசனையும் ஜன்னலுக்கு வெளியே சாக்கடையின் பச்சை வாடையும் மாறி மாறி மூக்கில் ஏற, தலையணைக்குள் வைத்த காதில் தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தையே கேட்டபடி அவன் கிடந்தான். முதுகு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. பாதத்தில் கூழாங்கற்கள் இன்னும் உருண்டன. கண்ணை மூடினால் பாதை வந்தது, வளைவு வந்தது, நடு இடம் வந்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி ஜான்சி சலித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாய்யா இது? படுத்துக்கினே நடக்குற. காலு ரெண்டும் சைக்கிள் வுடுது," என்றாள். அவள் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள், இருட்டோடு கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். ராத்திரி நடையை நிறுத்து என்று அவளும் சொன்னாள். நிறுத்துகிறேன் என்று அவனும் சொன்னான்.

மறுநாள் காலை கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டும்போது அவன் கண் மூடியது.

மூடியதுகூடத் தெரியாது. சாலை இருந்தது, அப்புறம் சாலை இருந்தது, நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. "அண்ணா!" என்று பின்னாலிருந்து காந்திமதி போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தான். முன்னால் போன தண்ணி லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. காந்திமதி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. அவன் சீட்டுக்கு நேர் பின்சீட்டில், ஸஹானா என்ற யூகேஜி குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிரேக் போட்ட வேகத்தில் ஸஹானாவின் நெற்றி கம்பியில் இடித்துவிட்டது. குழந்தை அழவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அங்கிள், லாரிக்கு முத்தம் குடுக்கப் போனீங்களா?" என்று கேட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சவுரிமுத்துவுக்கு இரண்டு தடவை போட்டும் கியர் விழவில்லை.

ஐயோ, பஸ் நிறையப் பிள்ளைகள். அன்று முழுக்க அதே நினைப்பு. ஒரு கண்ணிமைக்கு எத்தனை தாய்கள் பதில் கேட்பார்கள்! லீவு போடலாம், ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லலாம், ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு கேட்டில் நிற்க வைத்துவிடுவார்கள். கடைசியில் அவன் கண்டுபிடித்த வழிதான் அவனுக்கே உரிய அறிவு: நடை போதவில்லை. இன்னும் நடந்தால் உடம்பு அசந்துவிடும், அசந்தால் தூக்கம் தானாக வரும்.

ஆகவே இன்னும் நடந்தான். இன்னும் வேகமாக, இன்னும் நேரம் போனபின் வீடு திரும்பும்படியாக. தூக்கம் இன்னும் தள்ளிப் போனது. தள்ளிப் போகப் போக அவன் இன்னும் நடந்தான்.

நடு இடத்தில் நிற்பது மட்டும் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவான், கால் தானாக நிற்கும், உடம்பு தானாக ஒதுங்கும். ஒருநாள் அப்படி ஒதுங்கி நிற்கும்போது முகத்தின் குறுக்கே ஒரு சூடு போனது. காற்றில்லை. வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. பக்கத்தில் ஆள் போனால் வருமே, அந்த உடம்புச் சூடு. அதோடு ஒரு வாசனை. தேங்காயெண்ணெய், கொஞ்சம் எச்சில், கசங்கிய பருத்தித் துணி. அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான், ஆனால் பூங்காவில் வரக்கூடிய வாசனை இல்லை. அது இப்போதுதான் ஒருவன் தூங்கி எழுந்த தலையணையின் வாசனை.

அவன் கேட்டுக்குப் போய், வேறு யாரையாவது உள்ளே விட்டீர்களா என்று சம்பந்தத்தைக் கேட்டான்.

"உன்ன வுட்டதே தப்பு. ஏன், இன்னா விஷயம்?" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அவன் வெட்கப்பட்டிருப்பான். அந்த வாசனை அவனுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ராத்திரியிலிருந்து சத்தமும் கேட்டது. இவன் கீழ் வட்டத்தில் நடக்கும்போது மேல் வட்டத்தில் இன்னொரு ஜோடிப் பாதம். வேர்த்த உள்ளங்கால் கல்லில் ஒட்டி, பிய்ந்து, ஒட்டி, பிய்ந்து வருகிற சின்னச் சத்தம். இவன் மேலே போனால் அது கீழே. பூங்காவில் இரண்டே விளக்குகள், அதில் ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. எதிர் வட்டத்தைப் பார்த்தால் பெஞ்சும் அதன் நிழலும் தெரிந்தன, வேறெதுவும் தெரியவில்லை. ஆனால் மூச்சு கேட்டது. நடக்கிறவனின் மூச்சே இல்லை அது. நீளமாக உள்ளே போய், தொண்டையில் லேசாக உரசி, கொஞ்ச நேரம் நின்று, நிம்மதியாக வெளியே வந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவன் விடுகிற மூச்சு. யாரோ எழுந்திருக்காமலே எழுந்து வந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

பயம்தான். அதைவிடப் பெரியதாக ஒன்று அந்தப் பயத்துக்கு அடியில் இருந்தது. பொறாமை. எவ்வளவு நன்றாகத் தூங்குகிறான் பாவி! அந்த மூச்சில் ஒன்றே ஒன்று தனக்குக் கிடைத்தால் போதும் என்று சவுரிமுத்துவுக்கு இருந்தது. அவன் நடையை எட்டிப் போட்டுத் துரத்திப் பார்த்தான். எட்டில் துரத்த முடியாது. இவன் எவ்வளவு வேகமாகப் போனாலும் நடு இடத்தில் அதற்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அது மட்டும் ஒருநாளும் இவனுக்காக நிற்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அவன் ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் பிள்ளைகளை ஏற்றினான். அடுத்து அவனுக்கு நினைவிருப்பது செம்பாக்கத்தில் கதவு மூடும் சத்தம். நடுவில் இருந்த சாலை முழுக்கப் போயிருந்தது. யார் கியர் மாற்றியது, யார் ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கியது, எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தான். பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். காந்திமதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டி காலியானதும் அவள் அவன் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நடுவில் தான் இரண்டு தடவை கூப்பிட்டதாகவும் அவன் பதில் பேசவில்லை என்றும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்கு வலித்தது.

"எனுக்கும் ஒரு பொண்ணு கீதுண்ணா. உங்கள மாட்டி வுடணும்னு இல்ல. திங்கக்கெழம நீங்க தூங்கி எழுந்து வாங்க. இல்லாட்டி நானே ஆபீஸ்ல சொல்லிடுவேன்," என்றாள்.

சனியும் ஞாயிறும் கிடைத்தன. சனிக்கிழமை முழுக்க அவன் நடக்கவில்லை, பகலில் படுத்துப் பார்த்தான், ராத்திரி வெந்நீரில் குளித்துப் பார்த்தான், ஜான்சி பால் காய்ச்சிக் கொடுத்தாள். கெட்டுப்போன தூக்கம் அப்படி ஒரே நாளில் திரும்பி வந்துவிடுமா? கண் சிவந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முட்டி போட்டபடியே அழுதான். ஆண்டவரே, தூங்க வையும். நாளைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

அன்று ராத்திரி ஜான்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். நடக்கப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தூக்கம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சம்பந்தத்தின் நாற்காலி காலியாக இருந்தது. கேட் ஒருக்களித்திருந்தது.

செருப்பைக் கழற்றினான். கல் சில்லென்று இருந்தது. பாதையோரத்துப் பலகையில், பாதி நேரம் ஒரு திசையிலும் மீதி நேரம் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பெயிண்ட் உரிந்த அந்தப் பலகையை இத்தனை நாள் அவன் மதித்ததில்லை. ஒரே திசையில்தான் சுற்றியிருக்கிறான். ஒரே திசையில் போகிற இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வதில்லை. திரும்பி நடந்தால்?

கண்ணடிக்கும் விளக்கு அணைந்தது. எரிந்தது.

திரும்பி நடந்தான்.

முதலில் எதுவும் இல்லை. தூரத்தில் தாம்பரம் பக்கம் ரயில் போகிற சத்தம், யார் வீட்டிலோ குக்கர் விசில், நாய். பிறகு அவை ஒவ்வொன்றாக விலகிப் போயின. பாதம் கேட்டது. ஒட்டி, பிய்ந்து. ஒட்டி, பிய்ந்து. மூச்சு கேட்டது. இந்த முறை அது முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரவில்லை. நேர் எதிரில். வளைவின் இருட்டிலிருந்து. அவனை நோக்கி.

ஓடு என்றது புத்தி. கால் கேட்கவில்லை. நடு இடம் வந்தது. தலையணை வாசனை முகத்தில் அடித்தது. தன் உயரம்தான். தன் தோள் அகலம்தான். விளக்கு அணைந்தது. மூச்சு அவன் வாயருகில் நின்றது. சூடான, நீளமான மூச்சு. உள்ளே. வெளியே.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எனுக்குக் கொஞ்சம் குடு," என்றான். "ஒரே ஒரு ராத்திரிக்குப் போதும். காலைல புள்ளைங்க கீது."

கூழாங்கல்லில் ஓர் உராய்வு. எதிரில் நின்றது முதல் தடவையாக ஒருபக்கம் ஒதுங்கியது. வழி விட்டது. சவுரிமுத்து கண்ணைத் திறக்காமலே அந்த இடைவெளிக்குள் நுழைந்து நடந்தான். தோளோடு தோள் உரசியது.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தலையணை நினைவிருக்கிறது. அது அவனை வாங்கிக்கொண்டது. ஃபேன் முனகவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை, கால் நடக்கவில்லை. அப்பாடா, என்ன தூக்கம்! குழந்தையாக இருந்தபோது தூங்கியதற்கப்புறம் அப்படி ஒரு தூக்கத்தை அவன் பார்த்ததில்லை.

விழித்தபோது முதலில் சந்தோஷம்தான் வந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. கண்ணில் எரிச்சல் இல்லை. மல்லாந்து படுத்தபடி, சுவரில் காலண்டருக்குக் கீழே விழுந்திருந்த மஞ்சள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகாக இருந்தது. பள்ளிக்கூட நாளில் அந்த இடத்தில் வெயில் விழுந்து அவன் பார்த்ததே கிடையாது.

எழுந்து உட்கார்ந்தான்.

ஜான்சி எப்போதோ வேலைக்குப் போயிருந்தாள். அலாரம் அடித்து யாரோ அணைத்திருந்தார்கள். போனில் தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. டிரைவர் வராவிட்டால் இந்நேரம் பள்ளிக்கூடம், பெற்றோர், காந்திமதி என்று போன் கிழிந்திருக்க வேண்டுமே. ஒருத்தரும் அவனைத் தேடவில்லை.

ஆணியில் வண்டிச் சாவி இல்லை. கொடியில் காக்கிச் சட்டை இல்லை.

லுங்கியோடு வெளியே ஓடினான். பஸ்ஸை நிறுத்தும் காலி மனை வெறுமையாகக் கிடந்தது. கண்ணாடி துடைத்த ஈரத் துணியைப் பிழிந்து, அவன் எப்போதும் போடுகிற முள்வேலிக் கம்பியிலேயே காயப் போட்டிருந்தது. துணியில் ஈரம் இன்னும் காயவில்லை.

காந்திமதிக்குப் போன் போட்டான். பின்னணியில் இன்ஜின் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"யாரு, அக்காவா? அண்ணா போன வூட்லயே வுட்டுட்டாரா?" என்றாள் காந்திமதி. சந்தோஷமாகப் பேசினாள். அண்ணன் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறார், இன்றைக்கு வண்டி தண்ணி மாதிரி போகிறது என்றாள்.

"காந்திமதி," என்றான். "நான் சவுரி. நான்தான் பேசுறேன். வூட்ல கீறேன்."

"வெளயாடாதீங்க," என்றாள் அவள், வேறு குரலில். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாத குரல்.

"முன்னாடி போ. அவன் மொகத்தப் பாரு. கண்ணு எப்டி கீதுன்னு பாரு."

அவன் ஓடிக்கொண்டே பேசினான். வெறுங்காலில் தார் ரோட்டுக் கல் குத்தியது. பால் வண்டி ஒன்று திட்டிக்கொண்டே விலகியது. போனுக்குள் அவள் எழுந்திருப்பது கேட்டது, கம்பியைப் பிடிக்கும்போது வளையல் உரசியது கேட்டது, யாரோ ஒரு பையன் ஆயா உக்காருங்க என்று கத்தினான். பிறகு அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மூடிக்கினு கீது," என்றாள்.

அந்தச் சொற்களுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. நீளமாக உள்ளே போய், தொண்டையில் உரசி, நின்று, வெளியே வருகிற சத்தம்.

"எழுப்பட்டுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"வாணாம்!" தூங்குகிறவனை ஸ்டியரிங்கில் வைத்து உலுக்கினால் என்ன ஆகும் என்று டிரைவருக்குத் தெரியாதா. "தொடாத. எங்க வர்றீங்க இப்போ?"

கேம்ப் ரோடு என்று அவள் சொல்லும்போது அவன் கேம்ப் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தான். ஆபீஸ் போகிற கூட்டம், பைக்குகள், காலை வெயில், டிபன் கடை வாசலில் நிற்கிற ஆட்கள். போனில் ஒரு ஹாரன் கேட்டது. உடனே அதே ஹாரன் சாலையிலும் கேட்டது. மஞ்சள் பஸ் வந்தது. தாறுமாறாக வரவில்லை. ஒழுங்காக, அளவான வேகத்தில், தன் பக்கத்தில், ஒரு நாளும் அவனால் அவ்வளவு நன்றாக ஓட்ட முடிந்ததில்லை என்கிற மாதிரி வந்தது. 

கண்ணாடிக்குப் பின்னால் காக்கிச் சட்டை. அவன் முகம். தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இமைகள் மூடியிருந்தன. அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய முனை அவன் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே இருந்தது. பஸ் அதில் திரும்பவில்லை. பிள்ளைகளின் கூச்சல் மாறியது. ஜன்னலில் ஸஹானா தெரிந்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பி டிரைவர் சீட்டைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அழத் தெரியாமல் திறந்தபடி நின்றது அவள் வாய்.

அவன் நடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்தான். பஸ் லாவகமாக அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஸ்கூல் திருப்பம் தாண்டிப் போயிடுச்சுண்ணா," என்று போனில் காந்திமதி அழுதாள். "நா எழுப்புறேன். எனுக்கு வேற வழி தெர்ல."

"காந்திமதி, தொடாத—"

அவன் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினான். பின்னால் யாரும் இல்லை. வளையல் உரசும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கை அவன் தோளைப் பிடித்து உலுக்கியது. அண்ணா, அண்ணா என்று போனில் அவள் கூப்பிடுவதும், கூப்பிடுகிற ஒவ்வொரு தடவைக்கும் தன் தோள் குலுங்குவதும் அவனுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அவள் உலுக்குவது அவனைத்தான். அவனுக்குள் எதுவும் விழிக்கவில்லை. அவன் ஏற்கெனவே விழித்திருந்தான், இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, நடு ரோட்டில், பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தான்.

மஞ்சள் பஸ் மாடம்பாக்கம் பக்கம் வேகமெடுத்துப் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகு போனில் முதலில் பிள்ளைகளின் சத்தம் நின்றது, அப்புறம் இன்ஜின் சத்தம் நின்றது, மூச்சு மட்டும் கேட்டது. அந்தக் கை அவன் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தது.